கருடனும் ஆகாய விமானமும்

தூத்துக்குடி மில்லர்புரத்துத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "நம் ரிஷிகள் அக்காலத்திலேயே பறவையைப் போல் விமானம் செய்து பறந்தார்களாம், அதற்குச் சாஸ்திரமே இருக்கிறதாமே?" என்று.

புத்தகம் இருக்கிறது, நாம் இல்லையென்று சொல்ல வரவில்லை. 'வைமானிக சாஸ்திரம்' என்று பெயர். பரத்துவாஜ முனிவர் அருளியது என்று விளம்பரம். ஆனால் அதைச் சொல்லி எழுதவைத்தவர் சுப்பராய சாஸ்திரி என்பவர். காலம் 1918 முதல் 1923 வரை. ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதில் 'சகுன விமானம்' என்று ஒன்று. சகுனம் என்றால் பறவை. அதற்கு இறக்கையும் வாலும் வைத்துப் படம் போட்டவர் முனிவரல்ல. 1923-ல் எல்லப்பா என்ற படம் வரைபவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஐவர் 1974-ல் கணக்குப் போட்டுப் பார்த்து, இவற்றில் ஒன்றும் பறக்காது, புத்தகமும் 1904-க்கு முற்பட்டதல்ல என்று எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2015-ல் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசில் இதே புராணம் படிக்கப்பட்டதென்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

நிற்க, இறக்கையடித்துப் பறப்பது அவ்வளவு லேசான காரியமா? தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன் பொறுக்க வட்டமிடும் செம்பருந்தைப் பாருங்கள். இறக்கையைக் கீழே அடிக்கும்போது அகல விரித்துக் காற்றைத் தள்ளுகிறது. மேலே தூக்கும்போது மணிக்கட்டை மடக்கிச் சுருக்கிக்கொள்கிறது. வெயிலில் சுட்ட காற்று மேலெழும்பினால் அடிக்காமலே அதன்மேல் மிதக்கிறது. நம் ஜனங்களோ அதைக் 'கருடன்' என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கண்ணை மூடினால் இறக்கை எப்படித் தெரியும்? பிரெஞ்சுக்காரரான மாரே கும்பிடவில்லை. 1882-ல் துப்பாக்கி மாதிரி ஒரு காமிரா செய்து, ஒரு வினாடிக்கு 12 படமாகப் பறவையைப் பிடித்தார். ஜெர்மனியில் லிலியந்தால் நாரையின் இறக்கையை அளந்து புத்தகம் எழுதினார், தாமே இறக்கை கட்டிச் சறுக்கினார், 1896-ல் விழுந்து இறந்தார்.

மனிதனுக்குப் பறவையின் நெஞ்சுத் தசை கிடையாது. அதனால்தான் தூக்குவதற்கு அசையாத இறக்கை, தள்ளுவதற்குத் தனி யந்திரம் என்று பிரித்தார்கள். ஆனாலும் முயற்சியை விடவில்லை. 2010-ல் கனடாவில் டொரான்டோ சர்வகலாசாலையார் செய்த விமானம், மோட்டார் வண்டி இழுத்துக் கிளப்பிவிட, ஒரு மனிதன் காலால் உதைத்து இறக்கையடிக்க, 145 மீட்டர் பறந்தது. நேரம் 19 வினாடி. 2008-ல் ஹாலந்தில் டெல்ப்ட் சர்வகலாசாலையார் 3 கிராம் எடையில் காமிராவோடு இறக்கையடிக்கும் பூச்சி ஒன்றைப் பறக்கவிட்டார்கள்.

சாஸ்திரத்தை நம்பும் பண்டிதர்கள் அந்தப் புத்தகத்தின்படி 3 கிராமில் ஒரு பொம்மையாவது செய்து தூத்துக்குடிக் கடற்கரையில் பறக்கவிடட்டுமே. நாம் டிக்கட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கத் தயார்.