சட்டைக் கறையும் சித்தப்பா கிணறும்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனது என் தப்பு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சாப்பிடாமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். சாப்பிட்டது தப்பில்லை, சட்டைதான் தப்பு. காலருக்குக் கீழே ஒரு சொட்டு தால்ச்சா. வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. பளிச்சென்று சிவப்பாகிவிட்டது! அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்தாள். பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயம். கல்யாணமானவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் காத்திருக்கவும்.

காப்பாற்றியது அக்கா மகள். ஏழாம் வகுப்பு.

"அத்தை, இது லிப்ஸ்டிக் இல்ல. சோப்பு காரம். மஞ்சள்ல காரம் பட்டா சிவக்கும்" என்று சொல்லி அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மறுபடி மஞ்சளானது. மாமாவின் மானம் சிட்ரிக் அமிலத்தில் தப்பியது.

யோசித்துப் பார்த்தால், நம் வீட்டுப் பெண்கள் ஆரத்தி எடுக்கும்போதெல்லாம் இந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள். மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பு. அதைப் போய் நான் பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் என்று மனப்பாடம் செய்து, பயந்து, பி.காம். சேர்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை லேபாரட்டரி. செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை நாலு டம்ளரில் ஊற்றினோம். எலுமிச்சைக்கு ரோஸ். ஆப்ப சோடாவுக்குப் பச்சை. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கொட்டியதில் கார்பன் டை ஆக்சைடு நுரையாகப் பொங்கி, மேடை முழுக்க வழிந்தது. (துடைத்தவர் பெயர் கேட்காதீர்கள்.) பிறகு பச்சை டம்ளரில் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரெண்டும் சரிக்குச் சரியான இடத்தில் நிறுத்தினாள். டெபிட்டும் கிரெடிட்டும் டாலி! இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்த ஒரே கெமிஸ்ட்ரி அதுதான்.

இதற்கு அளவுகோல் போட்டவர் சோரன்சென், 1909-ல். டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இந்தத் தகவலை மட்டும் வாசகர்கள் மறக்கமாட்டீர்கள் என்று தெரியும். அவருடைய பி.எச். அளவில் 7 நடுநிலை. கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. 7-லிருந்து 5 என்றால் நூறு மடங்கு. கந்துவட்டி தோற்றது.

ஒன்று மட்டும் கண்டிப்பு: பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். ரெண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. விளையாட்டில்லை, மூச்சை நிறுத்திவிடும்.

மறுவாரம் மஞ்சள் தடவிக் காயவைத்த தாளோடு வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் சித்தப்பா தோட்டத்துக்குப் போனோம். திண்டுக்கல்லின் தோல் ஷாப்பும் இதே கெமிஸ்ட்ரிதான். சுண்ணாம்புக் குழியில் தோலைப் போட்டால் முடி கழன்றுவிடும். அது காரம். அப்புறம் உப்பும் கந்தக அமிலமும். அதன் பிறகு, ஆவாரம்பட்டை போட்ட இடத்தில் வந்து உட்கார்ந்த குரோமியம்.

கிணற்றுத் தண்ணீரில் தாளை முக்கினாள். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது.

"அப்ப தண்ணி நல்லதா மாமா?"

ஒரு வாய் வைத்தேன். துப்பிவிட்டேன். உப்பு.

"இதுல பருப்பு வேகாதும்மா, சோப்பு நுரைக்காது" என்றார் சித்தப்பா.

வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னபோது நான் ஒண்ணாங்கிளாஸ். இந்தப் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்று ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அபராதத்துக்கு நான் ஒரு வவுச்சர் போட்டுவிடுவேன். கிணற்றுக்கு எப்படி என்ட்ரி போடுவது?

கரைந்த உப்பையும் குரோமியத்தையும் மஞ்சள் காட்டிக்கொடுக்காது, அதற்கு வேறு சோதனை உண்டு என்று அவளிடம் சொன்னேன். கொஞ்சநேரம் சும்மா இருந்தாள்.

"எதைப் போட்டா காட்டும்?"

எனக்குத் தெரிந்தது டாலி வரைக்கும்தான். சித்தப்பாவிடம் ஒரு பழைய பாட்டில் வாங்கி, மூன்று தடவை அலசி, கழுத்து வரை கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். தண்ணீர் பரிசோதிக்கிற அரசு ஆய்வுக்கூடம் எங்கே, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரிக்கும் வேலை எனக்கு. திங்கட்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.