ஊர் போனது, குடும்பப் பெயர்?

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது என் ஆய்வேட்டை நெறியாளர் திருப்பிக் கொடுத்தார். துணைநூற்பட்டியலில் இரண்டு நூல்களுக்குப் பதிப்பித்த ஊர் இல்லையாம். இரண்டும் கூட்டங்களில் கைமாறிய சிறு வெளியீடுகள். அச்சிட்டவர்கள் ஊரே போடவில்லை, நான் எங்கே போய்த் தேடுவது?

ஏ.பி.ஏ. முறை 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் அந்த ஊரை எடுத்துவிட்டது. சிகாகோ முறையும் 2024இல் கைவிட்டது. நல்லது. அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை 1936இல் தானே அச்சிட்டார். ஆசிரியரே பதிப்பாளர் என்றால், இப்போது ஏ.பி.ஏ.வில் பதிப்பாளர் பெயரும் வேண்டாம்.

ஆனால் குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும் என்ற விதி அப்படியே நிற்கிறது. பல மாநிலங்களில் அந்த இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் பட்டத்தை விட்டு முன்னெழுத்தோடு இருக்கிறோம். ஆய்விதழின் படிவமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்பதில்லை. நம் மாணவர்கள் அப்பா பெயரைப் போடுகிறார்கள். பிறகு கட்டுரை அப்பா பெயரில் மேற்கோளாகிறது. பள்ளிக்கூடம் போகாத அப்பா அறிஞராவதில் எனக்கு வருத்தமில்லை, எழுதிய மகள் காணாமல் போவதுதான் வருத்தம்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் 'கைலாசபதி, க.' என்று வெகுகாலமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும் சமூகவியல் துறைகளும் அப்படியே எழுத அனுமதிக்கட்டும்.