போனுக்குப் பூட்டு வேண்டும், சாவி யாரிடம்?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

"கல்யாணத்துக்கு அவசியம் வந்துடுங்க, பத்திரிகையைத் திறந்து பாருங்க" என்று வாட்சப்பில் ஒரு சேதி வருகிறது. தட்டினால் பத்திரிகை வருவதில்லை. ஏ.பி.கே. என்று முடியும் ஒரு செயலி, "என்னைப் போனில் ஏற்று" என்று கேட்கிறது. யோசிக்காமல் "சரி, சரி" என்று அமுக்கிவிட்டால் போச்சு! நமக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும். பேங்க் அனுப்பும் ரகசிய எண் திருடன் கைக்குப் போய்விடும்.

இது புதுக்கதை அல்ல. வீடு துப்புரவு செய்து தருவதாகச் சொன்ன போலிச் செயலிகள், நம் நாட்டின் எட்டு பேங்குகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது 2022-இலேயே வெளிவந்தது.

குளுவாங், ரெங்கம், பாலோ வட்டாரத்துப் பாட்டாளிக்கு இது பெரிய ஆபத்து. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேம நிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து 2024 மே முதல் போன் வழியாகவே பணம் எடுக்கலாம். மாதச் சம்பளமும் ஆயுள்காலச் சேமிப்பும் ஒரே போனுக்குள் அடங்கிவிட்டன.

இதைத் தடுக்க கூகல் நிறுவனம் 2025 ஆகஸ்டில் ஒரு திட்டம் அறிவித்தது. தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்யாதவர் தயாரித்த செயலிகளை ஆண்டிராய்டு போனில் சாதாரணமாக ஏற்ற முடியாது. 2026 செப்டம்பரில் பக்கத்துச் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளிலும், 2027 முதல் மற்ற நாடுகளிலும் இது நடப்புக்கு வரும் என்றது. எதிர்ப்பு எழுந்த பிறகு, விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி ஏற்றிக்கொள்ள வழி விடுவதாக நவம்பரில் சொன்னது.

"நம்ம காசு கொடுத்து வாங்கின போன், எதைப் போடணும்னு இவன் யாரு சொல்ல?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தோட்டத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஒரு காலத்தில் துரைதான் தீர்மானித்தார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு, உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோகும் உரிமையையும் கேட்டார்கள். அப்படிப் போராடிய சமுதாயம், உலகத்துக் கேட்டின் சாவியை ஒரே கம்பெனியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாமா?

அதற்காகக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கவும் முடியாது. விவரம் தெரிந்த பையனுக்குச் சுதந்திரமாக இருப்பது, பால்மரம் வெட்டியே வயதாகிப்போன அவன் பாட்டிக்குப் படுகுழி ஆகலாம். ஆகவே பூட்டு இருக்கட்டும். போன் வாங்கும்போதே பூட்டியே இருக்கட்டும். ஆனால் சாவி போனுக்குச் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும். திறந்தால் என்ன ஆபத்து என்பதை, தமிழிலும் மலாயிலும் புரியும்படி கம்பெனி சொல்ல வேண்டும். இதுவே நம் கருத்து.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். வாட்சப்பில் வரும் செயலியை, சொந்தக்காரர் அனுப்பியிருந்தாலும், ஏற்றாதீர்கள். அவர் போனே திருடன் கையில் இருக்கலாம், கூப்பிட்டுக் கேளுங்கள். குறுஞ்செய்தியைப் படிக்க ஒரு செயலி அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். தவறி ஏற்றிவிட்டால், உடனே இணையத்தை அடைத்துவிட்டு, வேறொரு போனில் பேங்கையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

தோட்டத்துத் தலைவர்களும் படித்த பிள்ளைகளும் கோயில் கூட்டங்களில் இதைப் பெரியவர்களுக்குக் காட்டித் தர வேண்டும். அடுத்த சம்பள நாளுக்குள் தொடங்குங்கள்.