பார்க்கின்சன்: 3 நிமிட அப்பாயின்ட்மென்ட்டில் அப்பாவைப் பேச விடுங்க!

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். அப்பா வாயைத் திறப்பதற்குள், "நடுக்கம் அப்படியேதான் இருக்கு டாக்டர்" என்று நாம் முந்திக்கொள்கிறோம். மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. வெளியே வந்து ஆட்டோ ஏறும்போதுதான் அப்பா மெல்லச் சொல்கிறார்: "சாயங்காலம் ஆனா கால் தரையில ஒட்டிக்குதே, அதைச் சொல்லலையேப்பா."

பார்க்கின்சன் நோயாளி இருக்கும் பல வீடுகளில் இது நடக்கிறது. யாரைக் குறை சொல்வது?

நேரம் எவ்வளவு?

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி, இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். நரம்பியல் நிபுணரிடம் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் வெளியே வரிசை காத்திருக்கிறதே!

பார்க்கின்சனுக்கு ஏன் இது போதாது?

இந்த நோய் குரலைத் தாழ்த்திவிடும். முகத்தில் உணர்ச்சி தெரியாது. கேள்வியை உள்வாங்கிப் பதில் சொல்லவும் கூடுதல் நேரம் பிடிக்கலாம். அந்த மௌனத்தை 'சொல்ல ஒன்றுமில்லை' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு சிக்கல், மருந்தின் நேரக் கணக்கு. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது உடல் ஓரளவு இயல்பாக அசையும். இதை 'ஆன்' என்பார்கள். மருந்தின் வேகம் குறைந்ததும் விறைப்பும் மந்தமும் திரும்பும். அது 'ஆஃப்'. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நல்லா நடந்து வரும் அப்பாவைத்தான் டாக்டர் பார்க்கிறார். சாயங்கால அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. எந்த டோஸை எப்போது மாற்றுவது என்பதோ அந்தச் சாயங்காலத்தைப் பொறுத்தது.

சொல்லக் கூச்சப்படும் விஷயங்களும் உண்டு. மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, மனச்சோர்வு போன்றவை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளால் சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத ஷாப்பிங் போன்ற பழக்கங்கள் வரலாம். குடும்பம் இதைக் குணக்கேடு என்று நினைத்து மறைக்கிறது. அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

* 3 நாள் குறிப்பு: மாத்திரை போட்ட நேரம், நன்றாக இருந்த நேரம், முடங்கிய நேரம். ஒரே தாளில் போதும்.
* 30 நொடி வீடியோ: 'ஆஃப்' நேரத்தில் அப்பா நடப்பதை, அவர் சம்மதத்துடன் போனில் எடுங்கள்.
* ஒரு முக்கியக் கேள்வி: பத்து கேள்வி வேண்டாம். அதிகம் தொந்தரவு தருவதை முதலில் கேளுங்கள்.
* எல்லா மருந்துகளின் பட்டியல்: வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு பார்க்கின்சனை மோசமாக்கக்கூடும். வேறு டாக்டர் கொடுத்த மாத்திரைகளையும் காட்டுங்கள்.
* பத்து நொடி மௌனம்: டாக்டர் கேட்டதும் நீங்கள் பேசாதீர்கள். முதல் பதில் அப்பாவுடையது. விட்டுப்போனதை நீங்கள் சேருங்கள்.
* திருப்பிச் சொல்லுங்கள்: "மதிய டோஸை அரை மணி முன்னாடி போடணும், சரிதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு எழுந்திருங்கள்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து.

மருத்துவமனைகள் என்ன செய்யலாம்?

பொறுப்பு முழுவதையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. லீவு போட்டு உடன் வர பிள்ளை இல்லாத முதியவர் என்ன செய்வார்?

டாக்டரின் நேரத்தை ஒரே நாளில் கூட்ட முடியாது. ஆனால் அவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் நிறையவே இருக்கிறது. தூக்கம், விழுதல், மலச்சிக்கல், மனநிலை, 'ஆஃப்' நேரம் ஆகிய ஐந்தையும் கேட்கும் ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தை அங்கேயே ஒரு நர்ஸ் நிரப்பித் தரலாம். எழுத முடியாத கைகளுக்கு அது பெரிய உதவி. பெரிய செலவும் கிடையாது. டாக்டர் அறைக்குள் நுழையும்போது அந்தத் தாள் கையில் இருந்தால், அப்பாவின் சாயங்காலமும் உள்ளே போகும்.

அதுவரை, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின நாள் இரவு அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்க என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?" பதில் வரும்வரை காத்திருங்கள்.