தண்டமும் தண்டலும்

தண்டம் என்பது ஒறுத்தல். தண்டல் என்பது வரி திரட்டுதல். ஒலியால் அணுகி நிற்பினும் பொருளால் விலகிய சொற்கள். குற்றம் மீண்டும் நிகழாதிருத்தற்பொருட்டு விதிப்பது தண்டம். தொழில் தடையின்றி நடத்தற்பொருட்டு இறுப்பது தண்டல். பெருவணிகர்க்கு நம் நாடு விதிக்கும் அபராதம் இவ்விரண்டனுள் யாது?

2021 செப்ரெம்பரை நினைவுகூர்வோம். மாதத் தொடக்கத்தில் நாட்டரிசி கிலோவுக்கு 98 ரூபாய் என உச்ச விலை குறிக்கப்பட்டது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் அம்மாதத்திலேயே திருத்தம் பெற்று, விலை மீறும் கம்பனிகளுக்கான அபராதம் 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபாய் வரை என உயர்ந்தது. மாதம் முடியுமுன் விலைக் கட்டுப்பாடே நீங்கிற்று. பேராலைக்காரர் தாமே 115 ரூபாய் என அறிவித்தனர். பூட்டைப் பெரிதாக்கிக் கதவைக் கழற்றிய கதைதான்.

பேராலைக்கு 50 இலட்சம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்தியாவின் 2002 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமோ விற்பனை வருவாயில் நூற்றுக்குப் பத்து வரை அறவிட இடந்தருகிறது. ஆனால், கெலிஓயாக் கடைவீதியில் இரண்டு மூடை அரிசி வைத்திருக்கும் தனிவணிகர்க்கும் நம் திருத்தச் சட்டம் குறைந்தது ஓர் இலட்சம் என்கிறது! 2024 டிசெம்பரில் மொத்த விலை 225, சில்லறை விலை 230 என வரையறுத்தபோது, அவ்விலைக்குச் சரக்குக் கிடையாமையால் எனக்குத் தெரிந்த கடைக்காரரொருவர் நாட்டரிசி வாங்குவதையே விட்டுவிட்டார். தண்டம் அவருக்குத்தான் தண்டம்.

எனினும் அபராதத் தொகை மட்டுமே நோயன்று. அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம் விதித்த உச்ச அபராதம் 5,000 டொலர். றொக்பெல்லரின் ஸ்ராண்டர்ட் எண்ணெய்க் கம்பனிக்கு அது ஒரு பொருட்டாகுமா? அதனை வீழ்த்தியது அபராதமன்று. 34 கம்பனிகளாகப் பிரிக்கச் செய்த 1911 ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பு.

நம்மிடமும் அத்தகைய கருவியின் வித்து ஒன்றிருந்தது. 1987 இல் நிறுவிய நியாய வர்த்தக ஆணைக்குழு, தனியுரிமை வணிகத்தையும் கம்பனிகளின் இணைப்பையும் ஆராயும் அதிகாரம் பெற்றிருந்தது. அதனை நீக்கிப் பிறந்த 2003 ஆம் ஆண்டுச் சட்டம் போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவ்விரண்டு அதிகாரங்களையும் விட்டுவிட்டது. மெல்லிய அபராதம் ஏகபோகத்தைச் சட்டபூர்வமாக்குகிறது என்பார் கூற்று இங்குப் பொருந்தாது; விலக்கப்பட்டதையல்லவா சட்டபூர்வமாக்க வேண்டும்?

பேராலைகளின்றி நெல்லை வாங்கிச் சேமிப்பார் யார் என வினவுவார் உளர். 1971 ஆம் ஆண்டுச் சட்டம் நெல் சந்தைப்படுத்தும் சபையை நிறுவியது வேறெதற்கு?