பூசுவது வேறு, பூப்பது வேறு!

செஞ்சியில் ஒரு பேக்கரி. பேத்தியின் பிறந்த நாளுக்குக் கேக் வாங்க ஒரு பெரியவர் வந்தார்.

"ஃப்ராஸ்டிங் எந்தக் கலர் போடலாம் ஐயா?" என்று கேட்டான் கடைப் பையன்.

"அது என்னப்பா?"

"அதாங்க, மேலே பூசுறது."

"அப்படிச் சொல்லு! ரோஸ் கலர் பூசு" என்றார் பெரியவர்.

பையன் வாயிலேயே நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. பிறகு அந்த 'ஃப்ராஸ்டிங்' எதற்கு?

'ஃப்ராஸ்ட்' என்றால் உறைபனி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். குளிர் நாட்டுக்காரர்கள் கேக்கின் மேல் பூசும் சர்க்கரைக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். உள்ளே இருப்பது தெரியாத மங்கல் கண்ணாடிக்கும் அதே பெயர். பிரிட்ஜுக்குள் ஐஸ் பிடித்தாலும் அதே பெயர்.

செஞ்சியில் உறைபனி ஏது? வெயிலில் பாறை கொதிக்கும் ஊர் இது. நம்மவர்கள் பனியை நினைக்கவில்லை; பூவை நினைத்தார்கள். நெருப்பைச் சாம்பல் மூடினால், நீறு பூத்த நெருப்பு. சுவரில் வெள்ளை படிந்தால், உப்புப் பூத்தது. காத்திருந்து பார்வை மங்கினால், கண் பூத்துப் போயிற்று. கையால் செய்தால் பூசுவது. தானாக வந்தால் பூப்பது. ஆங்கிலக்காரர் ஒரே சொல்லில் அடக்கியதை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. வீட்டுச் சுவரைப் பற்றிய விஷயம்.

1677-ல் சிவாஜி பிடித்த செஞ்சிக் கோட்டை, 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் 12. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். உள்ளே போனால் கல்யாண மகாலைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சிமெண்டு கிடையாது. சுண்ணாம்புதான்.

தமிழ்நாட்டில் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசுவது பழைய வழக்கம். செட்டிநாட்டு வீடுகளில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். அதனால்தான் அங்கே சுவர் கண்ணாடி போல் பளபளக்கிறது. கேக் மேல் பூசுவதிலும் இனிப்பும் வெள்ளைக்கருவும் உண்டு. சமையல்காரரும் கொத்தனாரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ!

சுண்ணாம்புப் பூச்சில் ஒரு குணம் உண்டு. மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. பழைய செங்கல் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால், ஈரம் உள்ளேயே நிற்கும். எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். அதுதான் பூக்கிறது. பிறகு பூச்சு உப்பி, செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

பழைய ஓட்டு வீடுகளில் இதைத்தான் செய்கிறோம். உப்புப் பூத்தால், அதன் மேலேயே இன்னொரு கை சிமெண்டு! காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது போலத்தான் இது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கூலியும் அதிகம் என்பீர்கள். உண்மைதான். காய்வதற்கும் நாள் ஆகும். ஆனால் சிமெண்டைத் திரும்பத் திரும்பப் பூசிய செலவைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் தாத்தா கட்டிய சுவரா? மூட்டைக்குச் சொல்லி அனுப்பும் முன், ஓர் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சுண்ணாம்பு தெரிந்தால், மேலேயும் சுண்ணாம்பையே பூசுங்கள்.