இருப்பாய்வு டாலி ஆனா கணக்கு சரின்னு அர்த்தமா?

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நாலாவது மாடி சேலத்துக்காரம்மா போன் பண்ணாங்க. "அண்ணா, ஹார்டு டிஸ்க்கை மாட்டினா, இதுல ஏதோ பிரச்சினை, ஸ்கேன் பண்ணி சரி பண்ணட்டுமான்னு கேக்குது. சரின்னு குடுத்துடவா?"

"குடுக்காதீங்க! மவுஸ்லேருந்து கைய எடுங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல, தூங்கிட்டிருந்த தங்கமணி எழுந்து உக்காந்துட்டாங்க. யாருக்கோ ஷாக் அடிச்சிடுச்சுன்னு நெனச்சாங்களாம்.

கம்ப்யூட்டரே சரி பண்றேன்னு சொல்லுது. அதை வேண்டாம்னு சொல்ல ஒரு பேங்க் ஆபீசர் யாருன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2018 மே மாசம். அப்ப நாங்க நாக்பூர்ல. நாக்பூர் மே மாசம் எப்படி இருக்கும்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டுலயும் கூலர் ஓடும், திடீர்னு கரண்ட் போகும். நான் மெமரி கார்டுலேருந்து போட்டோக்களை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாத்திக்கிட்டு இருந்தேன். பாதியில கரண்ட் போச்சு. திரும்ப வந்ததும் அதே கேள்வி: ஸ்கேன் பண்ணி சரி பண்ணட்டுமா? பக்கத்துலயே, இதைத்தான் சிபாரிசு பண்றோம்னு வேற போட்டிருந்தது. அமுக்கினேன். கொஞ்ச நேரத்துல, சில பிரச்சினைகள் இருந்தன, சரி செய்யப்பட்டனன்னு பதில். அப்பாடான்னு எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் குடிச்சேன்.

திரும்பி வந்து பார்த்தா, போட்டோ ஃபோல்டரையே காணோம்.

அந்த ஃபோல்டர்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன். 2008-ல திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். போட்டோவோட, என்னோட டிஜிட்டல் கேமராவுல எடுத்த ஒரு வீடியோ. வாழ்நாள்ல மேடை ஏறாத மனுஷன், அன்னிக்கு மைக்கைப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் பேசினார். 2017-ல அப்பா போயிட்டார். அவர் குரல் எங்ககிட்ட இருந்தது அந்த ஒரே இடத்துலதான்.

தேடினதுல, மறைச்சு வச்ச ஃபோல்டர் ஒண்ணு கெடைச்சுது. பேரு ஃபவுண்ட்.000. உள்ள ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கேன்னு 743 ஃபைல். எது கல்யாணம், எது கரண்ட் பில்னு தெரியாது. பக்கத்துக் கடைப் பையன்கிட்ட கொண்டு போனேன். பார்த்துட்டு "ஃபார்மேட் கர் தேதே ஹை சாப்"னு சொன்னான். கும்பிட்டுட்டு வீட்டுக்கே எடுத்துட்டு வந்தேன். நாலு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா பேர் மாத்திப் பார்த்ததுல பெரும்பாலான போட்டோ தேறிச்சு. எடுத்த தேதி போட்டோவுக்குள்ளயே பதிவாகி இருக்கும், அதை வச்சு அடுக்கினேன். சில போட்டோவுல மேல்பாதி அம்மா முகம், கீழ்பாதி வெறும் சாம்பல் நெறம். வீடியோ பதினோரு விநாடி ஓடுது. அப்பா மைக்கைத் தட்டிப் பார்க்கறார், தொண்டையைச் செருமிட்டு "வந்திருக்கற எல்லாருக்கும்"னு ஆரம்பிக்கறார். அவ்வளவுதான்.

இதுக்கப்புறம்தான், சரி பண்ணட்டுமான்னு கேக்கற அந்த ஆசாமி யாருன்னு படிக்க ஆரம்பிச்சேன். விண்டோஸ்ல அவர் பேரு செக்டிஸ்க். லினக்ஸ்ல எஃப்எஸ்சிகே. படிக்கப் படிக்க, அட இது நாம பி.காம்.ல படிச்சதாச்சேன்னு தோணிச்சு.

டிஸ்க்கு ஒரு பெரிய பேரேடு மாதிரி. எந்தப் பேர்ல உள்ள ஃபைல் எந்தக் கட்டத்துல ஆரம்பிக்குதுன்னு ஒரு இண்டெக்ஸ் இருக்கும். ஒரு கட்டத்துக்கு அடுத்த கட்டம் எதுன்னு இன்னொரு அட்டவணை இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகணும். எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா ஒண்ணு எழுதியாச்சு, இன்னொண்ணு எழுதலைன்னு நின்னுடும். டெபிட் போட்டாச்சு, கிரெடிட் போடலைங்கற கதை.

செக்டிஸ்க் வந்து இந்த ரெண்டையும் ஒத்துப் பார்க்கும். கட்டங்கள் நிரம்பி இருக்கு, ஆனா எந்தப் பேர்லயும் இல்லைன்னா அதையெல்லாம் அள்ளி ஃபவுண்ட் ஃபோல்டர்ல போடும். நம்ம பாஷையில அனாமத்துக் கணக்கு. ஒரே கட்டத்தை ரெண்டு ஃபைல் எனக்கு உனக்குன்னு கேட்டா, அது ஒரே வவுச்சரை ரெண்டு கணக்குல ஏத்தின மாதிரி. அதையும் பிரிச்சு விடும். இண்டெக்ஸ்ல பேர் இருக்கு, பின்னாடி சரக்கு இல்லைன்னா அந்தப் பேரையே அடிச்சுடும். கடைசியில ரெண்டு பக்கமும் டாலி. சரி செய்யப்பட்டதுன்னு அறிக்கை குடுத்துட்டுப் போயிடும்.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்துலயே ஒரு பாடம் உண்டு. இருப்பாய்வு ரெண்டு பக்கமும் சமமா வந்துட்டா கணக்கு சரின்னு அர்த்தம் இல்லை. விட்டுப்போன பதிவு, தப்பான கணக்குல ஏறின பதிவு, ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டற தப்பு எதுவும் அதுல தெரியாது. செக்டிஸ்க் பண்றது இருப்பாய்வு. அதுக்கு அப்பா குரலும் ஒண்ணுதான், குப்பையும் ஒண்ணுதான். இனிமே எழுதறது ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கணும், அது ஒண்ணுதான் அதோட கவலை. அது நியாயமான கவலையும்கூட. கோளாறான டிஸ்க்குல மேல மேல எழுதினா இன்னும் சீரழியும். அதனால அந்த மென்பொருளை நான் திட்டலை. டிஸ்க்கை சரி பண்றதும் நம்ம பொருளைக் காப்பாத்தறதும் ஒண்ணுன்னு நாம நம்பறோமே, அதைத்தான் தப்புங்கறேன்.

இன்னொரு விஷயம். பேங்க்ல தப்பான என்ட்ரியை அழிச்சு எழுத முடியாது. ரிவர்சல் போட்டுத்தான் திருத்தணும், பழசு அப்படியே நிக்கும், நாளைக்கு ஆடிட்டர் வந்து பார்ப்பார். செக்டிஸ்க் அதே புத்தகத்துல அடிச்சுத் திருத்திடுது. என் வீடியோவை பாதியில வெட்டினது கரண்ட்டா, இல்ல நான் அமுக்கின பட்டனான்னு இன்னிக்கு வரைக்கும் என்னால சொல்ல முடியாது. பட்டனுக்கு முந்தின நெலமைல ஒரு நகல் இருந்திருந்தா சொல்லியிருக்கலாம். யாராவது விவரம் தெரிஞ்சவர்கிட்ட குடுத்து மீட்டும் இருக்கலாம். அந்த நகலை எடுக்காததுதான் நான் பண்ணின தப்பு.

"இதெல்லாம் பழைய கதை சார், இப்ப ஜர்னல் இருக்கு"ன்னு ஆபீஸ்ல ஒரு பையன் சொன்னான். பாதி உண்மை. நம்ம குறிப்பேடு மாதிரியே, என்ன மாத்தப் போறேன்னு முதல்ல ஜர்னல்ல எழுதிட்டு அப்புறம் பேரேட்டுல ஏத்தற முறை அது. விண்டோஸோட என்டிஎஃப்எஸ்ல 1993-லேருந்தே உண்டு. லினக்ஸ்ல 2001-ல எக்ஸ்ட்3 மூலமா பரவலாச்சு. ஆனா அது பொதுவா காப்பாத்தறது இண்டெக்ஸையும் அட்டவணையையும்தான், ஃபைலுக்கு உள்ள இருக்கறதை இல்லை. அதோட, நாம வீட்டுல புழங்கற பென் டிரைவ், மெமரி கார்டெல்லாம் பெரும்பாலும் ஃபேட்32 இல்லேன்னா எக்ஸ்ஃபேட். அதுல ஜர்னலே கிடையாது.

சரி, என்னதான் பண்ணணும்? நான் சேலத்துக்காரம்மாவுக்கு சொன்ன வரிசை இதுதான்.

முதல்ல, அந்த டிஸ்க்குல புதுசா எதையும் எழுதாதீங்க. ஸ்கேன் பண்ணாம தொடரலாம்னு இன்னொரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்க. ஃபோல்டர் திறந்தா, முக்கியமானதை உடனே வேற டிஸ்க்குக்கு நகல் எடுங்க. திறக்கலைன்னா ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அது இண்டெக்ஸை நம்பாம, போட்டோவோட ஆரம்பக் குறியைத் தேடிப் பிடிச்சு எடுக்கும். எடுக்கறதை வேற டிஸ்க்குலதான் சேமிக்கணும். வெறும் செக்டிஸ்க்னு டைப் பண்ணி டிரைவ் எழுத்தைக் குடுத்தா பார்க்க மட்டும் செய்யும், தொடாது. ஸ்லாஷ் எஃப் சேர்த்தாதான் திருத்தும். ஸ்லாஷ் ஆர் சேர்த்தா கெட்டுப்போன இடங்களை எல்லாம் தேடும், மணிக்கணக்கா ஓடும். சாகக் கெடக்கற டிஸ்க்கை இப்படி ஓட விட்டா முழுசா போயிடும். திருத்தற வேலையெல்லாம் நகல் எடுத்ததுக்கு அப்புறம்தான்.

மறுநாள் சாயங்காலம் அவங்க பொண்ணு கல்யாண ஆல்பம் முழுக்க என் டிஸ்க்குக்கு வந்தாச்சு. அப்புறம்தான் ஸ்லாஷ் எஃப் குடுத்தோம். ஃபவுண்ட் ஃபோல்டர்ல மூணே மூணு ஃபைல் வந்து விழுந்துச்சு. அவங்க சிரிச்சுட்டாங்க, எனக்கு சிரிப்பு வரலை.

ஊரை விட்டு வந்த நமக்கு இது இன்னும் முக்கியம்னு நெனைக்கறேன். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தல். நாக்பூர், இப்ப போபால், அடுத்தது எதுவோ. பழைய ஆல்பம் இருந்த பீரோ ஊர்லயே நின்னுடுச்சு. நம்மகிட்ட இருக்கறது கைக்குள்ள அடங்கற ஒரு டப்பா. அதையும் குக்கர், மிக்ஸியோட லாரில ஏத்தறோம். பேங்க்ல ஒரே சாவியை நம்பி பெட்டகம் வைக்கறது இல்லை. வீட்டுல மட்டும் ஒரே டிஸ்க்கை நம்பறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இன்னொரு டிஸ்க்குல எல்லாத்தையும் ஏத்தி அக்கா வீட்டு பீரோவுல வச்சுட்டு வாங்க. அடுத்த வருஷம் போறப்ப புதுசை சேர்த்துக்கலாம். நான் இப்ப அப்படித்தான் பண்றேன், மாயவரத்துல அத்தை வீட்டுல ஒண்ணு இருக்கு.

அந்தப் பதினோரு விநாடியையும் அதுல போட்டு வச்சிருக்கேன். அம்மா போன்லயும் இருக்கு.

டிஸ்கி: டிஸ்க்கைப் பத்தி எழுதிட்டு டிஸ்கி போடலைன்னா எப்படி? நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. டிஸ்க்குலேருந்து டக்கு டக்குன்னு சத்தம் வந்தா, மேல சொன்ன எதையும் பண்ணாதீங்க. கழட்டி வச்சுட்டு, டேட்டா மீட்கறதையே தொழிலா வச்சிருக்கறவங்ககிட்ட கொண்டு போங்க.